மூன்றாம் ஸ்லைடும் தங்கூசியும்

நவம்பர் கடைசி. விடாத மாரி மழை. கோயில் மண்டபத்துக்குள் வெள்ளம் ஏறிவிட்டதால் எங்கள் ஞாயிறு ஒத்திகை மூன்று வாரமாக நடக்கவில்லை. சும்மா கிடந்த நேரத்தில் பழைய சாரம் ஒன்றை மேசையில் விரித்து, அதன்மேல் என் ட்ரம்பெட்டைக் கிடத்திக் கழற்றத் தொடங்கினேன். நாலு நாள் வேலை என்று நினைத்தேன். தைப்பொங்கல் கழிந்தும் முடியவில்லை.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பி ஃப்ளாட் ட்ரம்பெட். ஆர்மோனியக்காரருக்குச் சொல்வதென்றால் ஆறரைக் கட்டை. நான் 'சி' என்று நினைத்து ஊதுவது அவர் பெட்டியில் ஆறரைக் கட்டையில்தான் போய் நிற்கும். பெல்லில், அதாவது விரிந்த வாய்ப் பக்கத்தில், வெட்டியிருந்த கம்பனிப் பெயர் தேய்ந்து வாசிக்க முடியாமல் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தின் பாண்ட் அறையில் கழித்துவிட்ட சாமான் இது. இரண்டு கை மாறி ஐந்து வருடத்துக்கு முன் என்னிடம் வந்தது. வந்த நாளிலேயே மூன்று குறை தெரிந்தது. டியூனிங் ஸ்லைடு, சுரம் சேர்க்க இழுத்து நீட்டும் குழாய் வளைவு, அசையாது. விரலால் அழுத்தும் வால்வு மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடு. அதில் மூன்றாம் வால்வின் ஸ்லைடும் அசையாது. வால்வுக்குள் ஓடும் உருளைதான் பிஸ்டன். மூன்றாம் பிஸ்டன் அழுத்தினால் கீழே போகும், திரும்பி வர யோசிக்கும். நாலாவதாக ஒரு குறையும் இருந்தது. அது எனக்குத் தெரியாமலே ஐந்து வருடம் போனது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு எப்படி ஊதினாய் என்று கேட்பீர்கள். ஊதினேன், எங்கள் குழு அப்படி. இரண்டு ட்ரம்பெட், ஒரு ட்ரொம்போன், ஒரு சாக்ஸபோன், ஒரு சைட் ட்ரம் என்று ஐந்து பேர். இதை வைத்துச் சோறு தின்பவர் ஒருவரும் இல்லை. ட்ரொம்போன் அண்ணன் ஓட்டோ ஓடுகிறார். சாக்ஸபோன் வங்கியில் வேலை. மற்ற ட்ரம்பெட் ரியூஷன் மாஸ்டர், கணிதம். கோயில் திருநாளுக்குச் சுற்றுப்பிரகாரம் போவோம், கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டால் போவோம், ஜனவரி பிறந்தால் விளையாட்டுப் போட்டிக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பழக்கப் போவோம். வால்வு எண்ணெய் கொழும்பிலிருந்து ஒரு போத்தல்தான் வரும். கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தல்களைக் கழுவி வைத்திருக்கிறோம். எண்ணெயை அதில் பங்கிட்டுக்கொள்வோம். ட்ரொம்போனுக்குப் பங்கு இல்லை என்று அண்ணனுக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வரும். அவருடைய வாத்தியத்தில் வால்வே இல்லை.

வீட்டில் பழக முடியாது. மூன்று பக்கமும் வீடு, நாலாம் பக்கம் என் அம்மா. அதனால் பின்னேரங்களில் மட்டக்களப்புக் கல்லடிப் பழைய பாலத்தடிக்குப் போவேன். 1924இல் திறந்த இரும்புப் பாலம். 2013இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்த பிறகு பழையதில் வாகனச் சத்தம் இல்லை, காற்று வாங்க வருகிறவர்கள்தான். கீழே வாவியில் வலை வீசிக்கொண்டிருந்த ஐயா ஒருவர் ஒருநாள் தோணியை நிறுத்தி, "தம்பி, மீன் பாடுற ஆத்துல மாட்டக் கட்டிப்போட்ட மாதிரிக் கிடக்கு" என்றார். நிலாக் காலத்தில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுநுனியில் காது வைத்து மீன் பாட்டுக் கேட்கிற இடம் அது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

குறிப்பாக என்னுடைய கீழ் 'டி'. அது எப்போதும் ஏறித்தான் வரும். மாஸ்டர் பக்கத்தில் நின்று அதே சுரத்தை ஊதினால் இரண்டுக்கும் இடையில் காது கூசும். "காதக் கழுவிட்டு வாரும்" என்பார். எனக்குக் காது சரியில்லை என்றே நானும் நம்பிவிட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றினேன். முதலாம், இரண்டாம் ஸ்லைடுகள் வந்தன. மேல் மூடி, கீழ் மூடி, ஸ்பிரிங், முதல் இரண்டு பிஸ்டன் எல்லாம் வந்தன. பெரிய பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து உடம்பை அமிழ்த்தினேன். கொதிக்கும் தண்ணீர் விடக் கூடாது, மேலே பூசிய லக்கர் உரிந்துவிடும். சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுத்தபோது வந்ததை விவரிக்க வேண்டாம். பச்சையும் கறுப்பும். ஐந்து வருடச் சோறு, தேத்தண்ணி, மூச்சு.

பிஸ்டன்தான் முதல் பாடம். மூன்றாவது பிஸ்டன் பாதி தூரம் மேலே வந்து இறுகிவிட்டது. குறட்டை எடுத்து முறுக்கலாம் என்று கை ஓடியது, நல்ல வேளை ஓடியதோடு நின்றது. பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் இடையில் உள்ள இடைவெளி ஒரு மி.மீ.யின் நூறில் மூன்று நாலு பங்குதான். தலைமயிர்கூட அதைவிடத் தடிப்பு. அந்த இடைவெளிக்குள்தான் எண்ணெய் நிற்க வேண்டும், காற்று போகக் கூடாது, பிஸ்டன் ஓட வேண்டும். உறை ஒரு பக்கம் நசுங்கினால் கதை முடிந்தது. கீழ் மூடியைக் கழற்றி, துருவுக்கு அடிக்கும் எண்ணெயை இரண்டு பக்கமும் விட்டு இரண்டு நாள் விட்டேன். பிறகு தும்புத்தடியின் மரக் காம்பில் ஒரு துண்டு வெட்டி, நுனியில் துணி சுற்றி, கீழிருந்து மெல்லத் தட்டினேன். பத்தாவது தட்டில் 'ப்ளக்' என்று மேலே வந்தது.

பிஸ்டனைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று படிந்திருந்தது. மணந்து பார்த்தேன். காறல் பிடித்த தேங்காய் எண்ணெய். எந்தப் பிள்ளை விட்டதோ தெரியாது, கோபிக்க முடியவில்லை. கையில் இருந்ததை விட்டிருக்கிறது. தேங்காய் எண்ணெய் முதலில் நன்றாகத்தான் வழுக்கும், போகப் போகக் கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும். விளக்கெண்ணெய் அதைவிட மோசம். பழைய பாண்ட்காரர்கள் மண்ணெண்ணெய் விட்டார்கள். நாற்றம்தான், ஆனால் பிடிக்காது. இந்த மூன்றாம் பிஸ்டனில் நீளவாக்கில் கீறல்களும் இருந்தன. யாரோ அரத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். பித்தளைப் பொலிஷ் போட்டுத் தேய்ப்பதும் இதே பாவம்தான். பொலிஷுக்குள் இருப்பது அரைக்கும் தூள். ஒருமுறை தேய்ந்த பிஸ்டன் திரும்ப வளராது. இப்படித் தேய்ந்ததற்குக் கொஞ்சம் தடித்த எண்ணெய் உதவும். வால்வு எண்ணெயில் தையல் மெசின் எண்ணெய் சில சொட்டுக் கலந்து இப்போது அந்த ஒரு பிஸ்டனுக்கு மட்டும் விடுகிறேன்.

கையில் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் இருந்தேன். வால்வு வருவதற்கு முன் ட்ரம்பெட்டில் இயல்பாக வரும் சில சுரங்களைத்தான் ஊதலாம், பட்டாளத்துப் பியூகிள் மாதிரி. 1818இல் ஸ்டோல்செல், ப்ளூமெல் என்ற இருவர் பிரஷ்யாவில் வால்வுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். இப்போது நாங்கள் அழுத்தும் பிஸ்டனின் வடிவம் 1830களின் கடைசியில் பாரிஸில் பெரினே என்பவர் செய்தது. துளைகள் ஒன்றையொன்று முட்டாமல் சரிவாக வளைந்து போகிற விதத்தைப் பார்த்தால், இதை அந்தக் காலத்துப் பட்டறையில் எப்படிச் செய்தார்கள் என்று இருக்கிறது.

ஆனால் அந்த அழகான யோசனைக்குள் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. எனக்கு அதைக் காட்டியது மாஸ்டர்தான். மழைக்குள் குடையோடு வந்து, என் மேசையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, மூன்றாம் ஸ்லைடைக் கையால் அசைத்துப் பார்த்தார். "இது அசையாதா?"

"இல்ல மாஸ்டர். வாங்கின நாளில இருந்து."

"இத அசைக்காமயா அஞ்சு வருசம் 'டி' ஊதினீர்?"

பேப்பர் கேட்டார். எழுதிக் காட்டினார். ட்ரம்பெட்டின் சுருளை நிமிர்த்தினால் குழாய் ஏறத்தாழ 148 செ.மீ. ஒரு முழுச்சுரம் இறங்க நீளத்தில் 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் கூட்ட வேண்டும். அது 18 செ.மீ., அதுதான் முதலாம் வால்வு. மூன்று அரைச்சுரம் இறங்க 19 சதவீதம் அளவு, 28 செ.மீ. அது மூன்றாம் வால்வு. கீழ் 'டி'க்கு ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்துகிறோம். 18உம் 28உம் 46. ஆனால் ஐந்து அரைச்சுரம் இறங்குவதற்கு உண்மையில் வேண்டியது 49.6 செ.மீ. மூன்றரை செ.மீ. குழாய் குறைகிறது. முதலாம் வால்வை அழுத்தியதும் குழாய் நீண்டுவிட்டது அல்லவா, நீண்ட குழாய்க்கு 28 போதாது. குறைந்த குழாய் என்றால் ஏறிய சுரம். அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். மூன்றையும் அழுத்தும் கீழ் 'சி ஷார்ப்' இன்னும் மோசம். இரண்டாம் வால்வின் 9ஐயும் சேர்த்து இருப்பது 55, வேண்டியது 61.

"அதுக்குத்தான் ஸ்லைடில மோதிரம் வச்சிருக்கிறாங்கள். விரலால வெளிய தள்ளி ஊதணும். ஸ்லைடு யூ வடிவம், ஒரு செ.மீ. தள்ளினா ரெண்டு செ.மீ. கூடும்."

அந்த மோதிரத்தை நான் ஐந்து வருடமாக வாத்தியத்தைத் தாங்கிப் பிடிக்கத்தான் பாவித்தேன். பாடமே தெரியாதவன் என்று நினைக்க வேண்டாம், தள்ள வேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தேன். அசையாத சாமானைத் தள்ளுவது எப்படி? பிறகு தள்ள வேண்டும் என்பதே மறந்துபோனது. மாஸ்டரும் அன்று ஒரு பேச்சுக்காவது 'காது' என்று சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அன்றிரவே டியூனிங் ஸ்லைடில் கை வைத்தேன். இந்த ஊரில் அது அசையாவிட்டால் பெரிய கரைச்சல். ஒரு பாகை சூடு கூடினால் சுரம் அரைச்சுரத்தின் நூறில் மூன்று பங்கு ஏறும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரம் நாலு மணிக்கு வெளியே நின்று ஊதினால் நான் எங்கோ மேலே நிற்பேன், கீபோர்ட் அசையாமல் இருந்த இடத்தில் இருக்கும். எண்ணெய் விட்டு மூன்று நாள் ஊறவைத்து, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, வளைவுக்குள் பழைய சேலைத் துண்டைக் கோத்து, ஒரு முழங்காலால் வாத்தியத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். ஏழெட்டு முறை. வந்துவிட்டது. ஸ்லைடின் உள்பக்கம் முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் பித்தளையை வைத்துவிட்டு ஐந்து வருடம் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு என்ன ஏறும்.

மூன்றாம் ஸ்லைடு அதற்கெல்லாம் மசியவில்லை.

இந்த இடத்தில் என் சொந்தப் புத்தியால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கழற்றிய ஸ்லைடுகள் மங்கிப்போய்க் கிடந்தன. அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குகிறவர். அந்த ஞாபகத்தில் பழப்புளியைக் கரைத்து உப்பும் போட்டு, டியூனிங் ஸ்லைடையும் மற்ற இரண்டையும் இரவு முழுக்க ஊறவிட்டேன். விளக்கைப் புளி தேய்த்து உடனே கழுவிவிடுவார் அம்மா, ஊறப்போடுவதில்லை என்பது காலையில்தான் உறைத்தது. களிம்பு போயிருந்தது, உண்மை. ஆனால் மஞ்சள் பித்தளை முழுக்க ரோசா நிறத் திட்டு. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் சல்லடையாக மிஞ்சுகிற நோய் ஒன்று ட்ரம்பெட்டுக்கு வரும் என்று வாசித்திருந்தேன். வந்தால் குழாய் ஓட்டையாகிவிடும். அதை நானே புளி கரைத்து வரவழைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் ஒரு சீமெந்துப் பையில் கட்டிக்கொண்டு டச்பார் பக்கம் போனேன்.

அங்கே இருக்கிற அங்கிளைப் பற்றி ட்ரொம்போன் அண்ணன் பல முறை சொல்லியிருக்கிறார். பறங்கியர், போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்தவர். மட்டக்களப்புப் பறங்கியரில் கொல்லர், தச்சர், துவக்குத் திருத்துகிறவர் என்று கைவேலைக்காரர் பரம்பரை பரம்பரையாக இருந்திருக்கிறார்கள். இவர் கராஜ் வேலை, இப்போது ஓய்வு. கலியாணங்களில் கப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசிப்பார். ட்ரம்பெட் வாசிக்கத் தெரியாது, வாயில் வைத்தும் பார்த்ததில்லை என்றார். ஆனால் பித்தளை தெரியும். பையைப் பிரித்ததும் ரோசாத் திட்டைத்தான் முதலில் பார்த்தார்.

"புளியா, தேசிக்காயா?"

"புளி, அங்கிள்."

சிரித்தார். பழைய பனியன் துணியில் பொலிஷைத் தொட்டு ஒரு இடத்தைத் தேய்த்தார். ரோசா நிறம் துணியில் கறுப்பாக வந்துவிட்டது, உள்ளே மஞ்சள். மேலே படிந்ததுதான். நோய் அப்படி இருக்காது, அது உள்ளே தொடங்கி வெளியே வருவது, தேய்த்தாலும் போகாது என்றார். பிறகு ட்ரம்பெட்டின் உடம்பை வெளிச்சத்தில் திருப்பி, மவுத்பீஸ் நுழைகிற குழாயில் நகத்தால் ஒரு இடத்தைக் காட்டினார். சிறிய சிவப்பு வட்டம், நடுவில் கறுப்புப் புள்ளி. "இதுதான் நோய். இத விட்டுட்டு அதுக்குப் பயந்து வந்திருக்கிறா மனே." வாயிலிருந்து போகும் ஈரம் முதலில் தங்குகிற இடம் அதுதான். ஒரே ஒரு புள்ளி, இன்னும் ஓட்டையாகவில்லை. ஊதி முடிந்ததும் உள்ளே துணி இழுத்துக் காயவைத்தால் இன்னும் கன காலம் ஓடும் என்றார். மார்க்கர் பேனையால் அதைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், பெருக்கிறதா என்று பார்க்க.

பிறகு மூன்றாம் ஸ்லைடு. நான் கொண்டுபோன குறட்டைக் கண்டதும் அதை வாங்கித் தன் பெட்டிக்குள் போட்டு மூடினார். அந்தப் பெட்டிக்கும் கதை உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு மணலைத் தோண்டி எடுத்ததாம். உளி, சுத்தியல் எல்லாவற்றிலும் இன்னும் அந்தத் துருப் புள்ளி இருக்கிறது. அதைப் பற்றி அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செய்தது இதுதான். பக்கத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்த மூட்டுகளுக்கெல்லாம் ஈரத் துணி சுற்றினார். ஈயப்பற்று 180 பாகை தாண்டினால் இளகத் தொடங்கிவிடும். சிறிய காஸ் டோர்ச்சை வெளிக்குழாயில் மட்டும், ஒரு இடத்திலும் நிற்காமல், தடவித் தடவிக் காட்டினார். லக்கர் கொஞ்சம் கருகி மணந்தது. சூட்டோடு மெழுகுதிரியை மூட்டில் தேய்த்தார். மெழுகு உருகி உள்ளே இழுபட்டது. பிறகு முதிரைக் கட்டை ஒன்றை வளைவுக்குள் வைத்து, சுத்தியலால் டொக், டொக் என்று மணி அடிக்கிற மாதிரி. ஆறவிட்டார். திரும்பவும் சூடு, மெழுகு, தட்டு.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். 12 மி.மீ. குழாய், 80 பாகை சூடு ஏறினால் விரிவது ஒரு மி.மீ.யின் நூறில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் களிம்பு என்பது மண் மாதிரி, ஒருமுறை விரிசல் விட்டால் எண்ணெய் போக வழி கிடைத்துவிடும். நாலாம் முறை தட்டியபோது ஸ்லைடு ஒரு நெல்லளவு நகர்ந்தது. நான் பாய்ந்து இழுக்கப் போனேன். "அவசரப்பட்டா கையில ரெண்டு துண்டுதான் கிடக்கும்" என்று கையைத் தட்டிவிட்டார். இன்னும் முக்கால் மணித்தியாலம். வெளியே வந்தபோது விரல் மோதிரத்தின் பற்று விட்டு மோதிரம் தனியாக மேசையில் விழுந்தது. ஈரத் துணி அதற்கு எட்டவில்லை.

அதைத் திரும்பப் பற்றவைத்ததைப் பார்த்தது எனக்கு இந்த இரண்டு மாதத்தில் கிடைத்த பெரிய லாபம். பழைய ஈயத்தைச் சுரண்டி, இரண்டு பக்கமும் பித்தளை தெரியும் வரை துப்புரவாக்கி, ஈயம் பிடிப்பதற்கான பசை தடவி, கம்பியால் கட்டி நிறுத்தினார். நான் நினைத்த மாதிரி ஈயத்தை நெருப்பில் காட்டவில்லை. பித்தளையைச் சூடாக்கி, நெருப்புக்கு எதிர்ப்பக்கத்தில் ஈயக் கம்பியைத் தொட்டார். ஈயம் சூடு இருக்கும் பக்கம் தானாக ஓடியது, மூட்டைச் சுற்றி வெள்ளிக் கோடாக நின்றது. "அது சூட்டத் தேடிப் போகும் மனே. நாம எங்க வேணுமோ அங்க சூட்ட வச்சாச் சரி." பெல்லில் இருந்த பெரிய நெளிவையும் அதே முதிரைக் கட்டையை உள்ளே விட்டு, முழங்காலில் வைத்து உருட்டி எடுத்துவிட்டார். கூலி வாங்க மாட்டேன் என்றார். ஈஸ்டருக்கு அவர்கள் கோயிலில் வந்து ஊத வேண்டுமாம்.

வீட்டில் மிஞ்சியது சில்லறை வேலை. அதிலும் ஒரு இடத்தில் சறுக்கினேன். விரல் அழுத்தும் பொத்தானுக்குக் கீழே இருக்கும் கம்பளி வளையங்கள் மக்கிப் போயிருந்தன. பழைய பாட்டாச் செருப்பில் வட்டமாக வெட்டிப் போட்டேன். பிஸ்டன் மெத்தென்று ஓடியது, பெருமையாக இருந்தது. ஊதினால் இரண்டாம் வால்வு அழுத்துகிற சுரமெல்லாம் மூக்கடைத்த மாதிரி. இரண்டு நாள் என் உதட்டைத் திட்டினேன். பிறகு இரண்டாம் ஸ்லைடைக் கழற்றி, வால்வை அழுத்திப் பிடித்து, டோர்ச் அடித்து அந்தத் துளை வழியாகப் பார்த்தேன். பிஸ்டனின் துளையும் குழாயின் துளையும் நேரில் நிற்கவில்லை. பிஸ்டனின் துளை ஒரு மி.மீ. மேலே நிற்க, பிறை நிலா மாதிரி விளிம்பு தெரிந்தது. செருப்பு தடிப்பாகிவிட்டது, பிஸ்டன் முழுதாக இறங்கவில்லை. ஆர்மோனியம் திருத்துகிறவரிடம் கம்பளித் துணி வாங்கி, பிறை மறையும் வரை ஒவ்வொன்றாக மெலிதாக்கினேன். (பூட்டும்போது ஒன்றாம், மூன்றாம் பிஸ்டன்களை மாற்றிப் போட்டு, காற்றே போகாமல் கண் பிதுங்க ஊதியதும் நடந்தது. பிஸ்டனிலேயே 1, 2, 3 என்று வெட்டியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தால் போதும்.)

எல்லாம் பூட்டியதும் ஒரு சோதனை. வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை மெல்ல இழுத்து, ஐந்து எண்ணிவிட்டு வால்வை அழுத்தினால் 'டப்' என்று வெடிக்க வேண்டும். உள்ளே வெற்றிடம் நின்றது என்று அர்த்தம், காற்று ஒழுகவில்லை. முதலாம் ஸ்லைடு டப். இரண்டாவது டப். மூன்றாவது தேய்ந்த பிஸ்டன் அல்லவா, ஒரு பெருமூச்சு மாதிரி, ஆனாலும் சத்தம் வந்தது. டியூனிங் ஸ்லைடை இப்படிச் சோதிக்க முடியாது, இரண்டு பக்கமும் திறந்த வழி. அதனால் அங்கே பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. ஒருநாள் ஊதிக்கொண்டிருக்கும்போது தற்செயலாகச் சின்ன விரல் வோட்டர் கீயின்மேல் பட்டது. சத்தம் திடீரென்று தடித்தது. விரலை எடுத்தேன், மெலிந்தது. வைத்தேன், தடித்தது.

தண்ணீர் வெளியேற்றும் அந்தத் துளையை மூடும் தக்கை, ஒரு பக்கம் எலி கடித்த மாதிரித் தேய்ந்து, ஐந்து வருடமாக ஊசிமுனை அளவு காற்றை வெளியே விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மேல் 'ஜி' உடைவது, நீண்ட சுரத்தில் மூச்சு முடிவது, கீழ் சுரம் இருமிக்கொண்டு வருவது எல்லாவற்றுக்கும் நான் என் உதட்டையும் நெஞ்சையும்தான் குற்றம் சொல்லியிருக்கிறேன். நாதஸ்வரக்காரர் சீவாளியைக் குற்றம் சொல்லி மாற்றிப் போடலாம், எங்களுக்குச் சீவாளி உதடுதான், மாற்ற வழியில்லை என்று குழுவில் தத்துவம்கூடப் பேசியிருக்கிறேன்.

நல்ல தக்கைக்குக் காத்தான்குடியில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஹாட்வெயார் கடைக் காக்கா ஒருவர் ரப்பர் வாசர்களை ஒரு டப்பா நிறையக் கொட்டிக் காட்டினார், ஒன்றும் பொருந்தவில்லை. வீட்டுக்கு வந்தால் மூலையில் தம்பியின் பட்மின்டன் மட்டையும், இறகு கொட்டிய பந்து ஒன்றும். இறகுப் பந்தின் தலை தக்கை. மேல் தோலை உரித்து, பிளேடால் வட்டத் துண்டு சீவி, சப்பாத்துப் பசையால் ஒட்டி, ஸ்பிரிங் தளர்ந்திருந்ததால் கிட்டாரின் இரண்டாம் தந்தியை ஆணியில் சுற்றிப் புது ஸ்பிரிங்கும் வளைத்தேன். முதல் ஸ்பிரிங் பாய்ந்து எங்கோ போய்விட்டது. இரண்டாவது நிற்கிறது.

மேல் 'ஜி' இப்போது பத்துக்கு எட்டு முறை வருகிறது. அதற்கு மேல் இருக்கும் 'ஏ' வரவில்லை. வாத்தியத்தில் இனித் தேடுவதற்கு இடமும் இல்லை.

ஜனவரி மூன்றாம் ஞாயிறு, மண்டபத்தில் வெள்ளக் கோடு இன்னும் சுவரில் இருக்க, ஒத்திகை தொடங்கியது. கீழ் 'டி'யில் முடிகிற ஒரு கீதம். மாஸ்டர் வேண்டுமென்றே அதை எடுத்திருப்பார். மூன்றாம் ஸ்லைடைத் தள்ளினேன், எண்ணெய் போட்டது போல ஓடியது, உண்மையில் எண்ணெய் போட்டதுதான். இரண்டு ட்ரம்பெட்டும் ஒரே கோடாக நின்றன. மாஸ்டர் என் பக்கம் திரும்பவில்லை, கால் பெருவிரலை மட்டும் இரண்டு முறை தட்டினார். அது போதும் என்று இருந்தேன். சுரம் முடிந்தது. தண்ணீர் வடிக்க ட்ரம்பெட்டைச் சரித்தேன். மூன்றாம் ஸ்லைடு அப்படியே வழுக்கிக்கொண்டு வெளியே போய், சீமெந்துத் தரையில் விழுந்து, சைட் ட்ரம்காரனின் காலடி வரை உருண்டது. கோயில் முழுக்கச் சத்தம். "மாஸ்டர், இவர்ர சாமான் இப்ப வலு சுதந்திரம்" என்றான் அவன்.

ஸ்லைடு வெளியே விழாமல் இருக்க அதன் பக்கத்தில் ஒரு தடுப்புத் திருகு இருக்க வேண்டும். என்னுடையதில் அது எப்போதோ காணாமல் போய்விட்டது. அசையாத ஸ்லைடுக்குத் தடுப்பு யாருக்கு வேண்டும், நான் கவனித்ததே இல்லை. வளைவில் சிறிய நெளிவு, அதற்குத் திரும்பவும் டச்பார் போக வேண்டும். அதுவரைக்குமாக, வலைக்காரரின் தங்கூசி, அதாவது மீன்பிடி நைலோன் நூல், ஒரு முழம் வாங்கி ஸ்லைடையும் உடம்பையும் சேர்த்துக் கட்டினேன். பாலத்தடியில் மாடு என்று சொன்ன அதே ஐயாதான் தந்தார்.

கயிற்றின் நீளம்தான் கேள்வி. மாஸ்டரின் கணக்குப்படி கீழ் 'சி ஷார்ப்'புக்கு ஸ்லைடு 3.2 செ.மீ. வெளியே வர வேண்டும். போனில் இருக்கும் டியூனரை வைத்து ஊதிப் பார்த்தால் 2 செ.மீ. தாண்டியதுமே முள் நடுவுக்கு வந்துவிட்டது. செய்தவர்கள் வால்வுக் குழாய்களை முதலிலேயே கொஞ்சம் நீளமாக வெட்டியிருக்கிறார்கள். மாஸ்டரிடம் சொன்னேன். கணக்குப் பிழை இல்லை, ட்ரம்பெட்தான் பிழை என்றார். தங்கூசியை இரண்டரை செ.மீ.யில் முடிச்சுப் போட்டு, முடிச்சை நெருப்பில் காட்டி உருக்கி ஒட்டிவிட்டேன்.